படம் வராதவர் அடித்த பந்து

கோல்ஃப் ஆடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோர் காதிலும் விழுந்துவிடும் பேச்சு ஒன்று உண்டு. பந்துக்குப் பின்னால் போய் நில், அடிக்கப்போகிற ஷாட்டை மனதுக்குள் பார், பார்த்த பிறகு போய் அடி. சொல்லிக்கொடுப்பவர் யாராக இருந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். எனக்கு இது தொடக்கத்திலிருந்தே இயல்பாக வந்தது. கண்ணைத் திறந்து வைத்திருக்கும்போதே பந்து கிளம்புவதும், மேலே ஏறி உச்சியில் லேசாக வலப்பக்கம் சாய்வதும், குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனில் விழுந்து ஒரு குதி குதித்து நிற்பதும் எனக்குத் தெரியும். அப்புறம் ஒரு நாள், என்னோடு அடிக்கடி ஆடும் பெரியவர் ஒருவர், தனக்கு அப்படி எதுவுமே தெரிந்ததில்லை என்றார். மங்கலாகக்கூட இல்லை. கண்ணை மூடினால் இருட்டு, திறந்தால் எதிரில் இருக்கும் புல்வெளி, அவ்வளவுதான் என்றார். அவர் என்னைவிட எவ்வளவோ நன்றாக ஆடுகிறவர். நினைத்த இடத்துக்குப் பந்தைக் கொண்டுபோவதில் நான் நேரில் பார்த்த யாரையும் அவருக்கு ஈடாகச் சொல்ல முடியாது. அந்தப் பேச்சு என்னை விடவில்லை. படம்தான் ஷாட்டை உண்டாக்குகிறது என்றால், படமே வராத இவர் எப்படி அடிக்கிறார்? படம் இல்லாமலே அடிக்க முடியும் என்றால், எனக்கு வரும் படம் அங்கே என்ன வேலை செய்கிறது?

முடிவிலிருந்து தொடங்குவது

மனதில் பார்ப்பது பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ஜாக் நிக்லஸிடம் போய் நிற்பார்கள். மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் 18 பட்டங்கள் வென்ற அமெரிக்க ஆட்டக்காரர், 1986-இல் தன் 46-ஆவது வயதில் அவற்றில் ஒன்றான மாஸ்டர்ஸை வென்றவர். பயிற்சியில்கூட மனதில் துல்லியமான படம் இல்லாமல் ஒரு பந்தையும் அடித்ததில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அதை ஒரு சினிமாவாகவே விவரித்திருக்கிறார். இதை எடுத்துச் சொல்லும் பலரும் அவர் சொன்ன வரிசையை விட்டுவிடுகிறார்கள் என்பது என் நீண்ட நாள் குறை. அவர் முதலில் பார்ப்பது பந்து போய் நின்றுவிட்ட இடத்தை. பச்சைப் புல்லின் மேல் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் பந்து. இரண்டாவது காட்சியில் அந்தப் பந்து அங்கே போகிறது. எந்தப் பாதை, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் வளைவு, விழுந்த பிறகு என்ன செய்கிறது எல்லாம் அதில் உண்டு. மூன்றாவதாகத்தான், அப்படிப் பந்தை அனுப்பக்கூடிய வீச்சை, அதாவது ஸ்விங்கை, தானே செய்வதைப் பார்க்கிறார். இவ்வளவும் முடிந்த பிறகே பந்தை அடிக்கும் கிளப்பை எடுத்துக்கொண்டு பந்தை நோக்கி நடக்கிறார்.

நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். 150 யார்டு, அப்படியானால் செவன் அயர்ன் (அயர்ன் கிளப்களில் எண் குறையக் குறைய பந்து போகும் தூரம் கூடும்) என்று கையில் எடுத்த பிறகுதான் மனதில் பார்க்க ஆரம்பிக்கிறோம். எடுத்துவிட்ட கிளப்புக்குத் தகுந்தபடி ஒரு படத்தை ஒட்டவைக்கிறோம். நிக்லஸ் சொன்ன வரிசையில் போனால் வேறு மாதிரிக் கேள்விகள் வரும். கிரீன் பின்பக்கமிருந்து முன்பக்கமாகச் சரிகிறது, அதனால் பந்து குழியில் நட்ட கொடிக்குக் கீழே நின்றால்தான் அடுத்த பட், அதாவது பந்தைக் குழிக்கு உருட்டும் அடி, மேல்நோக்கி இருக்கும். அங்கே நிற்க வேண்டுமானால் எங்கே விழ வேண்டும்? தரை கெட்டியாக இருந்தால் கிரீனின் முன் விளிம்பிலேயே விழுந்து ஓட வேண்டியிருக்கும். முன்னால் பங்கர் என்ற மணல் பள்ளம் இருந்தால் அது நடக்காது, உயரமாக வந்து அதிகம் ஓடாமல் நிற்க வேண்டும். அப்படியானால் எந்தக் கிளப், எவ்வளவு வேகம்? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் படம் பாதியில் அறுந்துபோகும். பந்து எங்கே நிற்கும் என்று தெரியாமல் நின்ற பந்தை எப்படிப் பார்ப்பது?

இன்னொன்றும் செய்வார் நிக்லஸ். பந்துக்குச் சில அடி முன்னால், இலக்குக்கு நேராக, புல்லில் ஒரு சின்ன அடையாளத்தைப் பிடித்துக்கொள்வார். பழைய டிவட் (கிளப் பட்டுப் புல் பெயர்ந்த இடம்), காய்ந்த இலை, நிறம் மாறிய புல், ஏதோ ஒன்று. கிளப்பின் முகத்தை அதற்கு நேராக வைத்துவிட்டுத்தான் கால்களை அமைப்பார். தொலைவில் இருக்கும் கொடியை விட்டுக் காலடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு புள்ளியோடு வேலை முடிந்துவிடுகிறது. மனதில் ஓடிய சினிமா இப்படித் தரையில் இறங்கினால்தான் உடம்புக்கு அதனால் பயன். இதைச் செய்யாமல், பின்னால் நின்று அழகான படம் பார்த்துவிட்டு, அப்புறம் பத்து யார்டு வலப்பக்கம் பார்த்தபடி நின்று அடிக்கிறவர்களை எந்த மைதானத்திலும் பார்க்கலாம்.

‘கைக்கு வரல தம்பி’

பெரியவரோடு நடந்த அந்தப் பேச்சை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பார் மூன்று, அதாவது மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குழி. 165 யார்டு. இடப்பக்கம் முழுக்கத் தண்ணீர், கொடியும் இடப்பக்கமே பின்னால் இருந்தது. காற்று முகத்துக்கு நேராக வீசியது. அவர் சிக்ஸ் அயர்னை எடுத்துக்கொண்டு பந்துக்குப் பின்னால் நின்றார். கிரீனைப் பார்த்தார், வலது கையை இடுப்பு உயரத்தில் ஒரு முறை லேசாக அசைத்தார், நடந்து போய்ப் பந்துக்கு முன் நின்றார். நின்றவர் திரும்பி வந்துவிட்டார். சிக்ஸ் அயர்னைப் பையில் வைத்துவிட்டு ஃபைவ் அயர்னை எடுத்தார். பிடியைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்து, முக்கால் வீச்சில் அடித்தார். பந்து தாழ்வாகப் போய் கிரீனின் நடுவில், கொடிக்கு நல்ல தூரம் வலப்பக்கத்தில் விழுந்து நின்றது. எல்லோரும் அடித்து முடித்து நடக்கும்போது கேட்டேன்.

“சார், சிக்ஸ் அயர்னை ஏன் திருப்பி வெச்சீங்க?”

“கைக்கு வரல தம்பி.”

“காத்து ஜாஸ்தின்னு தோணுச்சா?”

“காத்தைக் கணக்குப் போட்டுத்தான் சிக்ஸ் எடுத்தேன். கணக்கு சரிதான். ஆனா அதை முழு பலத்தோட வீசினாதான் போய்ச் சேரும். எதிர்க்காத்துல முழு பலத்தோட வீசினா பந்து மேல ஏறிடும், அங்கேயே நின்னுடும். அது எனக்குக் கணக்குல தெரியல. பந்துகிட்ட போய் நின்னதும் கை சொல்லிடுச்சு.”

“ஷாட்டு மனசுல எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கு எதுவும் தெரியாது தம்பி. எல்லாரும் பாரு பாருன்னு சொல்றாங்க. கண்ணை மூடினா இருட்டுதான். எங்க அம்மா முகத்தைக்கூட என்னால படமாக் கொண்டுவர முடியாது. எங்க விழணும்னு தெரியும். தெரிஞ்சா கையில ஒரு கனம் வரும், இவ்வளவு வீசணும்னு. அந்தக் கனம் வந்தா அடிப்பேன்.”

“வரலேன்னா?”

“கிளப்பை மாத்துவேன்.”

இந்தக் கடைசிப் பதிலில்தான் நான் சிக்கிக்கொண்டேன். எனக்குப் படம் தெளிவாக வராத நேரங்களில் நான் செய்து வந்ததெல்லாம் இன்னும் அழுத்தமாகப் பார்க்க முயல்வதுதான். எல்லாப் பயிற்சியாளர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். கவனத்தைக் கூட்டு, நிறத்தைப் பார், பந்தின் மேலுள்ள சின்னச் சின்னக் குழிவுகளைப் பார். பெரியவர் அதைச் செய்யவில்லை. கனம் வரவில்லை என்பதை அவர் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டார். தான் எடுத்த முடிவில் எங்கோ ஒரு இடத்தில் உடம்புக்குச் சம்மதம் இல்லை என்பதுதான் அந்தத் தகவல். அதனால் முடிவை மாற்றினார். கிளப்பை மாற்றினார், வீச்சை மாற்றினார், இலக்கையும் கொடியிலிருந்து கிரீனின் நடுவுக்கு மாற்றினார். மாற்றிய பிறகு கனம் வந்தது, அடித்தார். நிக்லஸ் படம் பார்த்து முடித்த பிறகு கிளப்பை எடுக்கிறார் என்பதையும் இவர் கனம் வராததால் கிளப்பைத் திருப்பி வைக்கிறார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே வேலையாகத் தெரிந்தன. முடிவு முழுமையாக எடுக்கப்பட்டுவிட்டதா என்று இருவரும் சரிபார்க்கிறார்கள். ஒருவருக்குச் சோதனை கண்ணில் நடக்கிறது, இன்னொருவருக்குக் கையில்.

பெரியவரைப் போன்றவர்கள் அபூர்வப் பிறவிகள் அல்ல. 1880-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பலரிடம், அன்று காலை உணவு உண்ட மேசையை மனதில் கொண்டுவந்து விவரிக்கச் சொல்லிக் கேள்விகள் அனுப்பினார். சிலர் நேரில் பார்ப்பதுபோல விவரித்தார்கள். சிலர், குறிப்பாக அறிவியலாளர்கள் சிலர், எந்தக் காட்சியும் வரவில்லை என்று எழுதினார்கள். 2015-இல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்த நிலைக்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்த பிறகு, தங்களுக்கும் அப்படித்தான் என்று ஏராளமானோர் சொல்ல முன்வந்தார்கள். மனக்கண்ணில் காட்சி வருவதும் உடம்பின் அசைவை உள்ளே உணர்வதும் வேறு வேறு திறன்கள். விளையாட்டு உளவியலில் இவற்றைத் தனித்தனியாகத்தான் அளக்கிறார்கள். ஒன்று குறைவாக இருப்பவருக்கு மற்றது நிறைய இருக்கலாம். 1989-இல் பிரான்ஸில் டெசெட்டி, ஜான்ரோ ஆகியோர் நடத்திய சோதனை ஒன்று எனக்குப் பிடித்தமானது. வெவ்வேறு தூரத்தில் இருந்த இலக்குகளுக்கு ஆட்கள் நடந்து போனார்கள். பிறகு அதே தூரத்தை நடப்பதாகக் கற்பனை மட்டும் செய்தார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆனது. தூரம் கூடினால் கற்பனை நடைக்கும் நேரம் கூடியது. கற்பனையில் செய்யும் அசைவுக்கும் உடம்பின் கணக்குகள் பொருந்துகின்றன. பெரியவரின் கையில் வந்த கனம் அந்தக் கணக்குதான் என்று நான் நம்புகிறேன். எதிர்க்காற்றில் முழு பலத்தோடு வீசினால் பந்துக்குப் பின்சுழற்சி கூடி, மேலே ஏறி, தூரம் குறையும் என்பது பல வருட அனுபவமாக அவர் உடம்பில் இருக்கிறது. தலை போட்ட கணக்கில் இல்லாததை அது சேர்த்துச் சொன்னது.

வேண்டாததைப் பார்ப்பது

எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. படம் வருகிறவர்களுக்கு வேண்டாத படமும் வரும். இடப்பக்கம் தண்ணீர் இருந்தால், பந்து அதில் விழுந்து வட்டம் வட்டமாக அலை விரிவது எனக்குக் கூப்பிடாமலே வந்துவிடும். இது சும்மா மனத்தொந்தரவு மட்டும் இல்லை என்பதைப் பட்டிங்கை வைத்து நடந்த சோதனைகள் காட்டுகின்றன. 1985-இல் உல்ஃபோக்கும் அவருடைய சகாக்களும் கல்லூரி மாணவர்களைப் பட் அடிக்க வைத்தார்கள். ஒரு பிரிவினர் ஒவ்வொரு முறையும் பந்து குழிக்குள் போவதாகக் கற்பனை செய்தார்கள். இன்னொரு பிரிவினர் கடைசி நேரத்தில் விலகிப் போவதாகக் கற்பனை செய்தார்கள். முதல் பிரிவினரின் ஆட்டம் கூடியது, இரண்டாம் பிரிவினரின் ஆட்டம் இறங்கியது. 1998-இல் டேனியல் வெக்னரின் சோதனை இன்னும் நுணுக்கமானது. இலக்கைத் தாண்டி மட்டும் போய்விடாதே என்று சொல்லிப் பட் அடிக்கச் சொன்னார்கள். கூடவே ஒரு ஆறு இலக்க எண்ணையும் நினைவில் வைத்திருக்கச் சொன்னார்கள். அப்படி மனதில் பாரம் இருந்தவர்கள், எதைச் செய்யாதே என்றார்களோ அதையே செய்தார்கள். பந்து தாண்டிப் போயிற்று. போட்டியில் நமக்கு ஆறு இலக்க எண் எதற்கு? ஸ்கோர், காற்று, பின்னால் காத்திருக்கும் ஆட்டக்காரர்கள் என்று பாரத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை.

ஆகவே ‘தண்ணீரைப் பார்க்காதே’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வதைப் போல மோசமான உத்தி வேறு இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. தண்ணீர் இருக்கிறது, அதைப் பார்த்தாயிற்று, கணக்கில் சேர்த்தாயிற்று. அதனால்தான் இலக்கு கிரீனின் நடுவுக்கு மாறியது. இதை ஒரு முறை சொல்லி முடித்துவிட்டால் அப்புறம் மனதுக்குப் பார்க்க ஒரு இடம் வேண்டும். அந்த இடம் சின்னதாக இருப்பது நல்லது. கிரீனுக்குப் பின்னால் இருக்கும் மரங்கள் என்று வைத்துக்கொண்டால் போதாது, அந்த மரங்களில் ஒன்றின் இடப்பக்கக் கிளை என்று வைத்துக்கொண்டால் கண்ணுக்கு வேலை கிடைக்கிறது. வேறு படத்துக்கு இடம் இருக்காது.

பெரியவரிடம் இதையும் கேட்டேன். படம் வராததால் பயமும் வராதா என்று. இல்லை என்றார். “பயம் எனக்குப் படமா வராது, பிடியில வரும். கிளப்பை நெரிச்சுப் பிடிச்சிருப்பேன். முன்னங்கை இறுகும். அப்ப தெரிஞ்சுக்குவேன்.” தெரிந்துகொண்டு என்ன செய்வார்? பின்வாங்கி வந்து மறுபடியும் எங்கே விழ வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவார். விரலைத் தளர்த்திக்கொண்டு அப்படியே அடித்துவிட மாட்டார். இறுக்கத்துக்குக் காரணம் முடிவில் இருக்கிறது, விரலில் இல்லை என்பது அவருடைய எண்ணம். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

யாருடைய பந்து

சரி, முடிவைச் சரிபார்க்கத்தான் படம் என்றால், அந்தப் படத்தில் வரும் பந்து யாருடையது என்பது முக்கியமாகிவிடுகிறது. தொலைக்காட்சியில் பார்த்த ஷாட்டை மனதில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். வலப்பக்கம் கிளம்பி அழகாக இடப்பக்கம் திரும்பி வரும் ட்ரா. அவர்களுடைய பந்து வாழ்நாள் முழுக்க வலப்பக்கம்தான் வளைந்திருக்கும். கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 2,000-இல் ஒரு பங்கு. அந்த நேரத்தில் கிளப்பின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ பெரும்பாலும் அந்தப் பக்கமே பந்து கிளம்புகிறது. கிளப் வரும் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அது எந்தப் பக்கம் வளையும் என்பதைத் தீர்மானிக்கிறது. கிளப் மேலேயிருந்து கீழே வர கால் விநாடிதான் ஆகும். அதற்குள் எதையும் திருத்த முடியாது. உடம்பு இத்தனை வருடம் பழகிய பாதையில்தான் வரும். என் பந்து லேசாக வலப்பக்கம் சாய்கிற பந்து. அதனால் என் படத்தில் அது இடப்பக்கம் கிளம்பிச் சாய்ந்துதான் வர வேண்டும். அப்படி வந்தால் உடம்பு ஒப்புக்கொள்கிறது. நேராகப் போகிற பந்தை மனதில் ஓட்டினால் படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் அது எனக்குச் சம்பந்தமில்லாத படம்.

இதோடு சேர்த்து, எவ்வளவு துல்லியமாகப் பார்க்கலாம் என்பதிலும் ஒரு நேர்மை வேண்டும். 150 யார்டிலிருந்து உலகின் மிகச் சிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே சராசரியாகக் குழியிலிருந்து 20 அடிக்கு மேல் தள்ளித்தான் பந்தை நிறுத்துகிறார்கள். நாம் கொடியை ஒட்டி நிற்கும் பந்தை மட்டுமே ஒவ்வொரு முறையும் மனதில் பார்த்துக்கொண்டிருந்தால், நல்ல ஷாட் ஒவ்வொன்றும் தோல்வியாகத் தெரியும். சின்ன இலக்கைப் பார்ப்பதும் பெரிய வட்டத்தை ஏற்றுக்கொள்வதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. அடிக்கும் முன் கிளையைப் பார்க்க வேண்டும், அடித்த பிறகு கிரீன் போதும்.

மனதில் பார்த்தாலே நடந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு போர்க்கைதியின் கதையைக் கொண்டுவருவார்கள். பெயரை மாற்றி, ஸ்கோரை மாற்றிப் பல வடிவங்களில் அது சுற்றுகிறது. ஜார்ஜ் ஹால் என்ற அமெரிக்க விமானப்படை அதிகாரிக்கு உண்மையிலேயே இது நடந்தது. 1965-இல் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு 1973 வரை சிறையில் இருந்தார். அறைக்குள் நாள்தோறும் மனதில் கோல்ஃப் ஆடினார். விடுதலையாகிச் சில வாரங்களில் நியூ ஆர்லியன்ஸ் ஓபனின் புரோ-ஆம் ஆட்டத்தில், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மற்றவர்களும் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில், 76 அடிகளில் சுற்றை முடித்தார். வியக்க வேண்டிய மனிதர் அவர், சந்தேகமே இல்லை. ஆனால் சிறைக்குப் போகும் முன்பே அவர் நல்ல ஆட்டக்காரர். மனதில் ஆடுவதற்கு அவருக்குச் சொந்தமான ஷாட்கள் இருந்தன. இல்லாத திறமையைக் கற்பனை உண்டாக்கியது என்று இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அது அவருடைய பழைய உழைப்பை அழித்துவிடுகிறது. மனப்பயிற்சி பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 1994-இல் டிரிஸ்கல், காப்பர், மோரன் மூவரும் செய்த மதிப்பீடும் இதையே சொல்கிறது. மனப்பயிற்சி பலன் தருகிறது. உடம்பால் செய்யும் பயிற்சி அதைவிட அதிகப் பலன் தருகிறது.

குழிக்குப் பக்கத்தில்

பட்டிங்கில் எல்லாம் இன்னும் கூர்மையாகிவிடுகிறது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் எட்டு அடியிலிருந்து ஏறக்குறைய பாதிப் பட்களைத்தான் போடுகிறார்கள். இங்கே படம் என்றால் கோடு மட்டும் என்று நினைக்கிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். வேகம் தெரியாமல் கோடு கிடையாது. சரிவில் மெதுவாகப் போகும் பந்து அதிகம் வளையும், விரைவாகப் போகும் பந்து குறைவாக வளையும், ஆக ஒரே பட்டுக்குப் பல கோடுகள் உண்டு. அதனால் பந்து குழிக்குள் எந்த விளிம்பு வழியாக, என்ன வேகத்தில் விழுகிறது என்பதிலிருந்து நான் பின்னோக்கிப் பார்க்கிறேன். இடப்பக்க விளிம்பில் கடைசிச் சுற்றுச் சுற்றி விழுகிறதா, முன் விளிம்பில் பட்டென்று விழுகிறதா? அது முடிவானால் மற்றதெல்லாம் அமைந்துவிடும். டைகர் உட்ஸுக்குச் சிறுவயதில் அவருடைய அப்பா, மனதில் உள்ள படத்துக்குப் பட் அடி என்று சொல்லிக்கொடுத்தார். பெரியவருக்கு இங்கேயும் படம் கிடையாது. அவர் குழியைப் பார்த்தபடியே பட்டரை, அதாவது பட் அடிக்கும் கிளப்பை, இரண்டு மூன்று முறை காற்றில் ஆட்டுவார். தூரம் கையில் ஏறும் வரை ஆட்டுவார். அதன் பிறகு தாமதிக்கவே மாட்டார்.

தாமதிக்காமல் இருப்பதைப் பற்றி நிறையச் சொல்லலாம். படமாக வந்தாலும் கனமாக வந்தாலும் அது அதிக நேரம் தங்காது. ஸ்வீடன் வீராங்கனை அனிகா சோரன்ஸ்டாமுக்குப் பயிற்சி தந்த பியா நில்சனும் லின் மாரியட்டும் இதற்கு ஒரு எளிய ஏற்பாடு செய்தார்கள். பந்துக்குப் பின்னால் யோசிக்கும் கட்டம், பந்துக்குப் பக்கத்தில் ஆடும் கட்டம், நடுவே ஒரு கற்பனைக் கோடு. யோசனை எல்லாம் கோட்டுக்குப் பின்னால் முடிந்துவிட வேண்டும், கோட்டைத் தாண்டிய பிறகு அடிப்பது மட்டும்தான். 2001-இல் சோரன்ஸ்டாம் ஒரு சுற்றில் 59 அடித்தார், பெண்களுக்கான தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏ போட்டியில் 60-க்குக் கீழே போன முதல் பெண் அவர். பந்துக்குப் பக்கத்தில் நின்றபின் கண் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஜோன் விக்கர்ஸ் 1992-இல் வெளியிட்ட ஆய்வு உதவுகிறது. நன்றாகப் பட் அடிக்கிறவர்களின் பார்வை அடிக்கும் முன்பே பந்தின் மேல் நிலைத்துவிடுகிறது, பட்டர் தொட்ட பிறகும் ஒரு கணம் அந்த இடத்திலேயே இருக்கிறது. திறமை குறைந்தவர்களின் பார்வை அங்கும் இங்கும் தாவுகிறது. 2019 முதல் வந்த விதிகள் ஒரு ஷாட்டை 40 விநாடிக்குள் அடிக்கும்படி பரிந்துரைக்கின்றன. நான் பார்த்தவரை, இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு அதில் பாதி நேரம் போதும். மைதானத்தில் நேரம் வீணாவதெல்லாம் முடிவெடுக்காமல் பந்துக்கு மேல் நின்று யோசிப்பவர்களால்தான்.

கண்ணை மூடிப் பார்ப்பவர்களும் உண்டு. ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஜேசன் டே ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் பந்துக்குப் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொள்வார், இமைகள் துடிக்கும், திறந்ததும் நேராக நடந்துவிடுவார். 2015-இல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை பார் எண்ணிக்கைக்கு 20 குறைவாக அடித்து வென்றபோது உலகமே அதைப் பார்த்தது. அதன் பிறகு பலர் கண்ணை மூட ஆரம்பித்தார்கள். அவருக்கு வருவது நமக்கும் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

புதிதாக வருகிறவர்களிடம் கேட்க வேண்டியது

பயிற்சி ரேஞ்சில் ஒரு முறை, ஆட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருவரைப் பார்த்தேன். பயிற்சியாளர் ஷாட்டை மனதில் பார்க்கச் சொன்னார். அவர் கண்ணை மூடினார், எதுவும் வரவில்லை என்றார். நன்றாகப் பாருங்கள் என்றார் பயிற்சியாளர். மறுபடியும் மூடினார், மறுபடியும் வரவில்லை. மூன்றாவது முறை, வந்துவிட்டது என்று சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் வந்ததுபோலத் தெரியவில்லை. தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்து அவர் அந்தப் பொய்யைச் சொன்னார் என்றே எனக்குப் பட்டது, அது என்னை வருத்தியது. பார் என்று சொல்லும் முன் உனக்கு என்ன வருகிறது என்று கேட்டிருக்கலாம். காட்சியா, கையில் கனமா, சிலருக்குப் பந்தை அடிக்கும் ஓசையா, வீச்சின் தாளமா? எது வருகிறதோ அதை வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம்.

எதுவுமே வராதவரிடம் விழும் இடத்தை வாயால் சொல்லச் சொல்லலாம். ‘கிரீனின் நடுவில், இடப்பக்கம் கிளம்பி, தாழ்வாக.’ இதைச் சொல்ல முடிகிறதென்றால் முடிவு எடுத்தாகிவிட்டது. சொல்லும்போது குரல் இழுத்தால், ‘அநேகமாக’ என்று ஒரு சொல் நுழைந்தால், இன்னும் எடுக்கவில்லை. ரேஞ்சில் இதைப் பழக ஒரு வழி உண்டு. ஒரே கிளப்பால் ஒரே இடத்துக்கு வரிசையாக அடிக்காமல், பந்துக்குப் பந்து கிளப்பையும் இலக்கையும் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்று, எங்கே விழும் என்று சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். வாளியில் உள்ள பந்துகள் தீர வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகும். ஆகட்டும். மைதானத்தில் யாரும் ஒரே ஷாட்டை இரண்டு முறை அடிப்பதில்லை. பெரியவரும் ரேஞ்சில் இப்படித்தான் செய்கிறார், கொஞ்சப் பந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நிற்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் அதற்குள் ஒரு வாளியை முடித்துவிடுகிறார்கள். நானும் இப்போது வாளியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன், எனக்குப் படமும் வருகிறது, அது வராத பந்துக்குக் கிளப்பையும் மாற்றுகிறேன்.